போடட்டுமா?

பட்டப்பகல் பதினொரு மணிக்குப் பேய் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால், "போய்யா, வேலையைப் பாரு" என்றிருப்பேன். இருபது வருஷமாக மெஷின் ரிப்பேர் பார்ப்பவன் நான்.

மரப்பட்டறை முதலாளி வாசலிலேயே காத்திருந்தார். பலகை இழைக்கிற மெஷினில் செயின் நழுவிக்கொண்டே இருக்கிறதாம். மூன்று மெக்கானிக்குகள் வந்து கையை விரித்துவிட்டார்களாம்.

வழக்கம்போல முதலில் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அது பையில் இல்லாமல் எந்த மெஷினுக்குள்ளும் கை விடமாட்டேன். பிறகு மூடியைக் கழற்றினேன். செயின் புதுசு. பல்சக்கரத்தில் ஒரு பல்கூடத் தேயவில்லை. தொய்வும் இல்லை. அப்புறம் என்ன கேடு இதற்கு? எனக்கு எரிச்சலாக வந்தது.

செயினைக் கழற்றி மறுபடி மாட்டக் கையை உள்ளே விட்டேன். மரத்தூள் வாசனைக்கு நடுவே புகையிலை நெடி அடித்தது.

பின்னால், சுவிட்சுப் பக்கமிருந்து ஒரு குரல்.

"போடட்டுமா?"

"இருங்க சார், கை உள்ள இருக்கு!" என்று கத்தினேன்.

"நான் ஒண்ணும் கேக்கலையே..."

முதலாளி என் எதிரில் நின்றார். சுவிட்சு பின்சுவரில் இருந்தது.

அங்கே யாருமில்லை.

முதலாளி முகத்தில் ஈயாடவில்லை.

"எங்க அண்ணன்," என்றார் மெதுவாக. "இப்படித்தான் செயின் மாட்டிட்டு இருந்தாரு. சுவிட்சுல நிக்கிறவன் 'போடட்டுமா'ன்னு கேக்கணும். உள்ள கை வெச்சவன் 'போடு'ன்னு சொல்லணும். அதான் எங்க பட்டறை வழக்கம். அன்னைக்கு அவசரத்துல நான் கேக்காமலே போட்டுட்டேன்." பின்சுவர்ச் சுவிட்சையே பார்த்தார். "கையோட போகல, உசுரே போயிடுச்சு. சுவிட்ச அவரே போட்டுக்கிட்டாருன்னு அண்ணிகிட்ட சொல்லிட்டேன்."

"போடட்டுமா?"

இப்போது என் காதருகில், அதே புகையிலை நெடியோடு.

கையை உதறி இழுத்துக்கொண்டேன். மாட்டிய செயின் நழுவித் தொங்கியது. முதலாளி குனிந்தார். இரண்டு கையையும் உள்ளே விட்டு, அதைத் தானே பல்லில் ஏற்றினார்.

"சார், கையை எடுங்க! பைத்தியமா உங்களுக்கு?"

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"மூணு வருஷமா கேட்டுட்டே இருக்கியே," என்று தேம்பினார். "போடுண்ணே."

சட்டையைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தேன். இருவரும் தரையில் போய் விழுந்தோம். அவருடைய பத்து விரலும் இருந்தன. எண்ணிப் பார்த்தேன்.

என் சட்டைப்பையைத் தொட்டேன். ஃபியூஸ் உள்ளேதான் இருந்தது.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, செயின் ஒரு பல்கூட நழுவாமல்.