மூழ்கி எழுந்த கார்

செவ்வாய்க்கிழமை. மதியம் மூன்று பத்து. ஹூஸ்டன் நகரத்தைத் தாண்டி, நெடுஞ்சாலை ஓரத்தில், தகரக் கூரை போட்ட ஒரு ஷெட். உள்ளே இருந்தவர்கள்...

ரொவீனா பிக்கெட். வயது நாற்பத்தொன்று. கார் வாங்க வந்தவள்.

டேல் கெஸ்லர். வருகிற சனிக்கிழமை ரொவீனாவைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவன்.

க்ளீட்டஸ் வார்னல். பழைய கார் வியாபாரி. தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்திருந்தார்.

எமெட் டபாக். மெக்கானிக். காரைச் சோதித்துச் சொல்வதற்காக ரொவீனா கூலி கொடுத்து வரவழைத்த ஆள்.

மூன்று பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

எமெட் மட்டும் படுத்திருந்தார். அவர் தலைக்குக் கீழே சிமென்ட் தரை சிவப்பாக நனைந்திருந்தது!

ரொவீனாவின் அலறல் தகரத்தில் மோதித் திரும்பியது.

"கிட்ட போகாதே ரோ!" டேல் குறுக்கே கை நீட்டினான். "அவர் கையைப் பாரு... ஆரஞ்சு ஒயர்!"

வெள்ளைக் காரின் பின்கதவு திறந்து கிடந்தது. அதற்குள்ளிருந்து தொங்கிய தடித்த ஆரஞ்சு கேபிள், எமெட்டின் வலது உள்ளங்கையில் கிடந்தது.

"ஹைபிரிட் பேட்டரி. இருநூறு வோல்ட்! தூக்கி அடிச்சிருக்கு... அந்தத் தூண்ல மண்டை மோதியிருக்கு!"

"கடவுளே! என் ஷெட்லயா?" க்ளீட்டஸ் முனகினார். "அதுவும் வாரத்துல நான் கார் விக்கிற ஒரே நாள்ல?"

ரொவீனா அந்த வெள்ளைக் காரைப் பார்த்தாள்.

அவளுக்கு இந்தக் கார் வேண்டும். வாரத்துக்கு மூன்று நாள் சிறுநீரக நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவதுதான் அவள் பிழைப்பு. பழைய கார் போன மாதம் உயிரை விட்டது. இன்னொரு மாதம் இப்படியே போனால் அந்த நோயாளிகளை வேறு யாராவது கூட்டிப்போவார்கள்.

இதே மாடல், குறையில்லாத உரிமைப் பத்திரத்தோடு பதிமூன்றாயிரம் டாலர். இது ஆறாயிரத்து இருநூறு.

காரணம், பத்திரத்தின் மேல் இருந்த ஒரு முத்திரை.

சால்வேஜ்!

வெள்ளத்தில் மூழ்கிய கார். இன்ஷூரன்ஸ் கம்பெனி 'இது தேறாது' என்று தலைமுழுகிவிட்ட கார். ஏலத்தில் எவனோ எடுத்து, கழுவி, ஒட்டவைத்து, மறுபடி ரோட்டுக்குக் கொண்டுவந்த கார்.

மூன்று வாரமாக ரொவீனா பயந்தாள். மூன்று வாரமாக டேல் பதில் சொன்னான்.

"பேட்டரி செத்துட்டா?"

"புதுசு போடு. அப்பவும் உனக்கு லாபம்தான்."

"சால்வேஜ்னா முழு இன்ஷூரன்ஸ் தரமாட்டாங்களாமே?"

"நீ என்ன ரேஸா ஓட்டப் போற?"

"உள்ள ஒயர் எல்லாம் துருப்பிடிச்சு, ஓடறப்போ நின்னுட்டா? பின்னாடி நோயாளி இருப்பாங்க டேல்!"

"ஓட்டிப் பார்த்தோமே ரோ, வெண்ணெய் மாதிரி போகுது. இந்தக் காரேதான்... வேற பாக்காத!"

வேறு இரண்டு கார்களை அவள் காட்டினாள். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மெக்கானிக்கைக் கூப்பிட்டால் தண்டச் செலவு என்று நேற்றுவரைக்கும் முறைத்தான்.

இந்த ஒரு விஷயத்தில்தான் ரொவீனா அவன் பேச்சைக் கேட்கவில்லை.

அதற்கு எமெட் உயிரைக் கொடுத்துவிட்டார்...

இருபது நிமிடத்தில் ஷெரீப் ஆபீஸ் கார் வந்து நின்றது.

ஒரு போலீஸ்காரனோடு இறங்கியவள் டிடெக்டிவ் மரிசோல் ட்ரெவின்யோ. குள்ளம். அரை டஜன் பிணங்களை ஒரே வாரத்தில் பார்த்த முகம். எமெட்டின் கழுத்தில் இரண்டு விரலை வைத்தாள். எடுத்தாள்.

வயர்லெஸ்ஸில் காரின் நம்பரைச் சொல்லி விவரம் கேட்டுவிட்டுத் திரும்பினாள். "முதல்ல பார்த்தது யாரு?"

"நான்தான்." ரொவீனா சொன்னாள். "ஆபீஸ் ரூம்ல க்ளீட்டஸ் கூட உக்காந்து பேப்பர் பார்த்துக்கிட்டிருந்தேன். என்ன இவ்ளோ நேரம்னு எட்டிப் பார்த்தேன்..."

"நடுவுல இவர் எழுந்து போனாரா?"

"பத்திரத்தை ஜெராக்ஸ் எடுக்க. ஒரு அஞ்சு நிமிஷம்."

"மெஷின்ல பேப்பர் மாட்டிக்கிச்சு மேடம்!" க்ளீட்டஸ் பதறினார்.

"உங்களைக் கேக்கல." ட்ரெவின்யோ டேல் பக்கம் திரும்பினாள். "நீங்க?"

டேல் கையிலிருந்த பெரிய கோலா கப்பைத் தூக்கிக் காட்டினான். "பெட்ரோல் பங்க் கடைக்குப் போயிருந்தேன். நான் உள்ள நுழையறேன், இவ கத்தறா."

"விபத்து மாதிரிதான் தெரியுது." ட்ரெவின்யோ நோட்டை மூடப்போனாள். "டாக்டர் வந்து பார்த்துச் சொல்லட்டும்."

டேல் ரொவீனாவின் தோளைத் தொட்டான்.

"வா ரோ, போகலாம். இந்தக் கார் வேண்டாம்."

ரொவீனா திரும்பினாள்.

"என்ன சொன்ன?"

"வேண்டாம். ராசி இல்லாத கார். நல்லதா வேற ஒண்ணு பாத்துக்கலாம்."

மூன்று வாரம்! சாப்பாட்டு மேஜையில், சர்ச் வாசலில், படுக்கையில்... இதே காருக்காக மல்லுக்கட்டிய வாய்! இப்போது அந்தக் காரை அவன் கண் ஒரு தடவைகூடத் தொடவில்லை.

ஒரு மனிதர் செத்திருக்கிறார். மனசு மாறுவது நியாயம்தான்.

நியாயம்தானா...?

ரொவீனா எமெட்டைப் பார்த்தாள். இரண்டு மணிக்கு அவர் இதே இடத்தில் சிரித்துக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது.

முதல் வேலையாக டிரைவர் சீட் பெல்ட்டை இழுத்தார். இழுத்தார், கடைசிவரைக்கும் இழுத்தார்.

"எல்லாத்தையும் கழுவிடுவானுங்க அம்மா. பெல்ட்டோட கடைசி முழத்தை எவனும் கழுவமாட்டான். பாருங்க."

கடைசி முழம் சேற்று நிறத்தில் விறைத்திருந்தது.

"தண்ணி கணுக்கால் அளவுதான்னு நீ சொன்னியே க்ளீட்டஸ்?"

"கொஞ்சம் உயரமான ஆளோட கணுக்கால்..."

"கூரை வரைக்கும் குடிச்சிருக்கு இந்தக் கார்!"

டேல் அப்போது சிகரெட் பிடிக்க வெளியே போயிருந்தான். எமெட் பின்கதவைத் திறந்து, பேட்டரியிலிருந்து கைப்பிடி வைத்த ஒரு ஆரஞ்சு பிளக்கைப் பிடுங்கினார். பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

"மிச்சம் மீதி கரண்ட்டும் இறங்கணும். இது என் பாக்கெட்ல இருக்கிறவரைக்கும் இந்தக் காரு செத்த பாம்பு. கார் மேல வச்சா எவனாவது நல்ல எண்ணத்துல மாட்டிவிட்டுடுவான். அதனால பாக்கெட். இருபது வருஷமா பாக்கெட்தான்."

பிறகு சொன்னார்...

"பின் சீட்டுக்குப் பக்கத்துல பேட்டரிக்குக் காத்து போற குழாய் இருக்கு. அதைத் திறந்து பாக்கறேன். சேறு இருந்தா அங்கதான் தங்கியிருக்கும். நீங்க போய் ஏசியில உக்காருங்க."

ரொவீனா ட்ரெவின்யோ பக்கம் திரும்பினாள்.

"டிடெக்டிவ்... அவர் சட்டை பாக்கெட்டைப் பாருங்க."

"எதுக்கு?"

"பாருங்களேன்!"

ட்ரெவின்யோ கையுறையை மாட்டிக்கொண்டு பாக்கெட்டுக்குள் விரலை விட்டாள்.

ஆரஞ்சு பிளக்!

"இதைப் பிடுங்கிட்டா அந்த ஒயர்ல கரண்ட் கிடையாது. பிடுங்கி ஒரு மணி நேரம் ஆச்சு. என் முன்னாடிதான் பிடுங்கினார்!"



"அப்போ இவருக்கு ஷாக் அடிக்கல." ட்ரெவின்யோ மெல்ல எழுந்தாள். "மண்டையில அடிச்சுட்டு ஒயரை யாரோ கையில எடுத்து வச்சிருக்காங்க. ஆரஞ்சு ஒயர்னா ஆபத்துன்னு தெரிஞ்ச ஆளு. பிளக் விஷயம் தெரியாத ஆளு."

அவள் பார்வை க்ளீட்டஸ் மேல் விழுந்தது.

"கூரை வரைக்கும் மூழ்கின காரைக் கணுக்கால்னு சொல்லி வித்தவரு. மெக்கானிக் குட்டை உடைச்சுட்டார். அஞ்சு நிமிஷம் ஆளைக் காணோம்..."

"மேடம்! நான் பொய் சொல்றவன். கொலை பண்றவன் இல்ல. ரெண்டும் வேற வேற தொழிலு!" க்ளீட்டஸின் தொப்பி கீழே விழுந்தது. "அதோட அவர் பிளக்கைப் பிடுங்கறப்போ நானும் பக்கத்துலதான் நின்னேன். எனக்கு பிளக் விஷயம் தெரியும்!"

உண்மை. அவரும் நின்றிருந்தார்.

நிற்காதது ஒரே ஒரு ஆள்.

ரொவீனா கார் பக்கம் நடந்தாள். பின் சீட்டில் எமெட் ஒரு நீலக் காகிதத் துண்டை விரித்திருந்தார். காற்றுக் குழாயிலிருந்து எடுத்ததெல்லாம் அதன்மேல் வரிசையாக இருந்தது. காய்ந்த இலை. ஒரு ஹேர்பின். முஷ்டி அளவு சேற்றுக்கட்டி.

கட்டி இரண்டாகப் பிளந்திருந்தது. நடுவில் ஒரு பள்ளம். அச்சு வார்த்தாற்போல் வட்டம். ஒரு பக்கம் பெரிய கல் பதிந்த குழி... அதைச் சுற்றிக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிய எழுத்துகள்.

"மோதிரம்." பின்னாலிருந்து ட்ரெவின்யோ சொன்னாள். "ஸ்கூல் மோதிரம். எங்கண்ணன்கூட ஒண்ணு வச்சிருந்தான். படிப்பு முடிக்கிறப்போ வாங்கறது. வெளியில ஸ்கூல் பேரு, உள்பக்கம் பையன் பேரு."

ரொவீனாவுக்கும் தெரியும். கல்யாணத்துக்குக் கேட்ட அன்று டேல் சொன்னானே...

'என் ஸ்கூல் மோதிரம் இருந்திருந்தா அதைத்தான் முதல்ல உனக்குப் போட்டிருப்பேன் ரோ. கடல்ல தொலைச்சுட்டேன்.'

வெளியே நூறு டிகிரி வெயில். ஷெட்டுக்குள் அதைவிட மோசம். டேலின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஐஸ் போட்ட கோலா கையில் இருந்தது.

அவன் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை!

"தாகமா இருக்கு டேல். ஒரு வாய் குடு."

"ஐஸ் கரைஞ்சுபோச்சு. வேற வாங்கித் தரேன்."

"பரவாயில்ல."

"சொன்னா கேளு ரோ..."

அவள் கேட்கவில்லை. கப்பைப் பிடுங்கினாள். மூடி தெறித்தது. கோலா தரையில் கொட்டியது. கூடவே...

டிங்!

சிவப்புக் கல் வைத்த கனமான மோதிரம் ஒன்று உருண்டு போய், எமெட்டின் ஷூவில் முட்டி நின்றது.

டேல் வாசலைப் பார்த்தான். வாசலில் ட்ரெவின்யோவின் ஆள் நின்றிருந்தான், துப்பாக்கி உறையில் கை வைத்து.

ட்ரெவின்யோ பேனா முனையால் மோதிரத்தைத் தூக்கினாள். "டி. ஆர். கெஸ்லர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தெட்டு." தோளிலிருந்த வயர்லெஸ்ஸை அழுத்தினாள். "கார் நம்பர் கேட்டேனே, என்ன ஆச்சு?"

வயர்லெஸ் கரகரத்தது.

"இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போறதுக்கு முன்னாடி... சொந்தக்காரர் பேரு ஜோலீன் கெஸ்லர். இறந்துட்டாங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, வெள்ளத்துல."

ஜோலீன்!

டேலின் முதல் மனைவி. வெள்ளத்தன்று தனியாகக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பி, ஓடையோடு போனவள். டேல் அப்போது ஆலையில் இரவு ஷிப்டில் இருந்தானாம். காரை நொறுக்கிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்களாம்.

ரொவீனா ஓட்டிப் பார்த்த கார். வெண்ணெய் மாதிரி போன கார்.

"என் பெண்டாட்டி காருல என் மோதிரம் கிடந்தா குத்தமா?" டேல் கத்தினான்.

"குத்தமே இல்ல." ட்ரெவின்யோ தலையாட்டினாள். "'என்னோடதுதான் ஐயா'ன்னு கையை நீட்டி வாங்கியிருக்கலாம். அந்தக் குழாயை இன்னிக்குத்தான் திறந்திருக்காங்க. திறந்த ஆளு செத்துக் கிடக்கறாரு. மோதிரம் உங்க கோலாவுல கிடந்துச்சு. ஏன் மிஸ்டர் கெஸ்லர்?"

டேல் எமெட்டைப் பார்த்தான்.

"அந்தக் கிழவன்..." குரல் உடைந்தது. "சிரிச்சுக்கிட்டே கேட்டான். 'உள்ள உங்க பேரு போட்டிருக்கே தம்பி, இந்தக் காரை முன்னமே தெரியுமா?'ன்னு. ரோகிட்ட காட்டணும்னு எழுந்தான்... பிடிச்சு அந்தத் தூண்ல மோதிட்டேன்..."

"மோதிரம் அங்க எப்படிப் போச்சு டேல்?" ரொவீனா கேட்டாள். குரலில் ஈரமே இல்லை.

அவன் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டான்.

"தண்ணி ஏறிச்சு. நான் ஜன்னல் வழியா வெளிய வந்துட்டேன். அவ என் கையை விடவே மாட்டேன்னா... பிடிச்சுக்கிட்டா... நான் உருவிக்கிட்டேன்."

கையை உருவினான். மோதிரம் அவளிடம் தங்கிவிட்டது.

அது யார் கையிலாவது அகப்பட்டால் இரவு ஷிப்ட் பொய் என்று தெரிந்துவிடும் என்று, பிறகு அந்தக் காரை ஏலம் ஏலமாகத் துரத்தியிருக்கிறான். கண்டுபிடித்தபோது தன் பெயரில் வாங்க முடியவில்லை. கெஸ்லர் என்ற பேர் மறுபடி அந்தப் பத்திரத்தில் ஏறினால் எவனாவது கேள்வி கேட்பான். அதனால் வேறு பேர் தேவைப்பட்டது. வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோய், அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றித் தேட.

ரொவீனா பிக்கெட். நல்ல பேர். கார் தேவைப்படுகிற பேர்.

அவள் கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். அந்தக் காரை வாங்கினால் என்னென்ன ஆபத்து என்று அவளே எழுதிய பட்டியல். பேட்டரி. ஒயர். ஏர்பேக். இன்ஷூரன்ஸ். பதினொன்று இருந்தன. பன்னிரண்டாவதாக எழுதவேண்டிய ஆபத்து, சனிக்கிழமைக் கல்யாணத்துக்குப் புது சூட் தைக்கக் கொடுத்திருந்தது.

"அப்போ மேடம்..." க்ளீட்டஸ் தொப்பியைப் பொறுக்கிக்கொண்டே இழுத்தார். "கார்..."

ரொவீனா பார்த்த பார்வையில் மீதியை விழுங்கினார்.

எமெட்டின் மேல் வெள்ளைத் துணி போர்த்தினார்கள். இருபது வருஷப் பாக்கெட் இப்போது காலி. பிளக் சாட்சிப் பையில் இருந்தது.

டேலைக் கைவிலங்கோடு நடத்திக்கொண்டுபோய், ஷெரீப் காரின் பின் சீட்டில் தள்ளினார்கள். அவன் தடுமாறி உட்கார்ந்தான். விலங்கு மாட்டிய கை தன்னாலே கதவின் உள்பக்கத்தைத் தடவியது. மேலே. கீழே. மறுபடி மேலே.

ஜோலீனும் இப்படித்தான் தடவியிருப்பாள் என்று நினைத்தாள் ரொவீனா.

"இந்தக் கதவுல... உள்பக்கம் கைப்பிடியே இல்லையே!" டேல் கத்தினான்.

ட்ரெவின்யோ குனிந்து அவனைப் பார்த்தாள்.

"பயப்படாதீங்க மிஸ்டர் கெஸ்லர், இது சால்வேஜ் இல்ல. கம்பெனியிலேயே அப்படித்தான் செஞ்சு குடுக்கறாங்க!"

கதவை அறைந்து சாத்திப் பூட்டினாள்.