மறைகுழுவுக்கு ஒரு கடிதம்

காலை எட்டரைக்கு இருக்கையில் உட்கார்ந்ததும் ஜெசிந்தாவுக்கு முதல் வேலை, வந்து குவிந்திருக்கும் விசாரணைகளுக்குப் பதில் அனுப்புவது. அன்று நாற்பத்தாறு இருந்தன. வேலைக்கு விண்ணப்பித்தவர் குடிமீட்புக் குழுவில் இருக்கிறாரா என்று ஒரு குளிர்பதனக் கிடங்கு கேட்டிருந்தது. மாப்பிள்ளை ஏதாவது மனநலக் குழுவில் இருக்கிறாரா என்று ஒரு பெண்வீட்டார். எல்லாருக்கும் ஒரே பதில்தான்: "இருப்பதாகவோ இல்லை என்றோ சொல்வதற்கில்லை."

கடல் ஏறியபின் உள்ளே தள்ளி எழுந்த புதுத்துறை நகரத்தின் அஞ்சல் சர்வரை அவள் ஒன்பது ஆண்டுகளாகப் பராமரிக்கிறாள். ஒருவர் எந்தெந்த மின்னஞ்சல் குழுக்களில் இருக்கிறார் என்பதே அவருடைய அடையாளமாகிவிட்ட காலம். வேலை, வாடகை வீடு, கல்யாணம் எல்லாம் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான். எங்கோ ஒரு பட்டியல் கசிந்து, ஒரே வாரத்தில் முன்னூறு பேருக்கு வேலை போனபிறகு மறைகுழுச் சட்டம் வந்தது. மறைகுழுவில் உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர்கூட வெறும் எண்கள்தான். பெயர்கள் சர்வரில் பூட்டிக் கிடக்கும். ஜெசிந்தாவால் திறக்க முடியும். தக்க காரணம் இல்லாமல் திறந்தால் அது பதிவாகும்.

பத்து மணிக்கு கஸ்பார் வந்தார். ஆளில்லாப் படகுகளுக்கு இன்ஜின் பார்க்கிறவர். அறுபது வயதிருக்கும்.

"எம் மவன் அமலன். வீட்ட விட்டுப் போயி ஆறு வருசமாச்சு. குடிதாம்மா காரணம். இப்ப திருந்தி, ஒங்க பதினேழாம் குடிமீட்புக் குழுவுல சேந்திருக்கான்னு ஒருத்தன் சொன்னான். இருக்கானா? அத மட்டும் சொல்லு. எங்க இருக்கான்னு கேக்கல."

"சொல்ல முடியாது ஐயா."

"இல்லன்னாவது சொல்லலாம்லா?"

"ஒங்களுக்கு இல்லன்னு சொல்லிட்டேன்னா, நாளைக்கு இன்னொருத்தர்ட்ட நான் சும்மா இருந்தாலே ஆமான்னு ஆயிரும்."

கஸ்பார் யோசித்தார். "அது சரிதான்," என்றார். ஆனால் எழுந்திருக்கவில்லை.

அவர் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்துவிட்டு ஜெசிந்தாதான் வழி சொன்னாள். குழுப் பொறுப்பாளர் சம்மதித்தால் ஒரு கடிதத்தைக் குழு முழுவதற்கும் அனுப்பலாம். விரும்புகிறவர்கள் பதில் போடலாம். அதுவும் பெயரில்லாமல், முகமூடி முகவரியிலிருந்து. பொறுப்பாளர் மதியமே சம்மதம் அனுப்பினார். கஸ்பார் நின்றபடியே எழுதினார். ஜெசிந்தா படித்துவிட்டு, "அமலன்ங்கற பேர் வேண்டாம் ஐயா. ஒங்க பேரும் வேண்டாம். அதுலயே அவர் இந்தக் குழுவோன்னு தெரிஞ்சிரும்," என்றாள். பெயர்களை எடுத்தபின் கடிதம் இப்படி இருந்தது:

"மகனே, உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. வரச் சொல்லவில்லை. உயிரோடு இருந்தால் ஒரு வரி எழுது. அப்பா."

இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு அது போயிற்று.

இரண்டு நாள் பதில் இல்லை. இரண்டு நாளும் கஸ்பார் வந்து, கேட்டு, திரும்பிப் போனார். அவர் தெருவைக் கடப்பதைக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்த ஜெசிந்தா, இரண்டாம் நாள் பட்டியலைத் திறந்துவிட்டாள். மேலிருந்து கீழாக இரண்டு முறை படித்தாள். அமலன் அதில் இல்லை. திறந்தது பதிவாயிற்று, விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். அது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. நாளை அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்பதுதான் பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் பதினொரு பதில்கள் வந்திருந்தன. பதினொன்றும் "அப்பா" என்றே தொடங்கின.

கஸ்பார் முதல் கடிதத்தைப் படித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டாவதில், "அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆயிற்றா?" என்றிருந்தது. மூன்றாவதில், "அந்த அடியை நான் மறந்துவிட்டேன், நீங்களும் மறந்துவிடுங்கள்."

"எம் பொஞ்சாதி செத்து பதினாறு வருசமாச்சு," என்றார் கஸ்பார் மெதுவாக. "நான் அவன அடிச்சதும் இல்ல. இவங்கல்லாம் அவங்கவங்க அப்பான்னு நெனச்சிட்டாங்க தாயி."

ஜெசிந்தாவுக்கு அப்போதுதான் உறைத்தது. பெயர்களை எடுக்கச் சொன்னது அவள்தான்.

"நான் அவங்க அப்பா இல்லன்னு எழுதிரலாம்," என்றார். "ஆனா இதுல ஒண்ணு அவனா இருந்துட்டா?"

அவள் வாயைத் திறந்தாள். இல்லை என்று ஒரு சொல் போதும். சொல்லவில்லை. அது சட்டத்துக்காகவா, அவருக்காகவா என்று அவளுக்கே தெளிவாகவில்லை.

கஸ்பார் ஒரே பதிலைப் பதினொரு பேருக்கும் எழுதினார்:

"நான் உன் அப்பாதானா என்று எனக்குத் தெரியாது. இந்தக் குழு வழியாக வேண்டாம். உன் வீட்டு மின்னஞ்சலுக்கே நேராக ஒரு வரி எழுது. நீ என் பிள்ளையாக இருந்தால் அது எனக்கு வந்துவிடும். இல்லாவிட்டால், போய்ச்சேர வேண்டியவருக்குப் போய்ச்சேரும்."

ஜெசிந்தா அதில் ஒரு சொல்லையும் மாற்றாமல் அனுப்பினாள்.

கஸ்பார் கதவுவரை போய்விட்டுத் திரும்பி வந்தார்.

"எம் மெயில் பெட்டி ரொம்பிப் போயி கடுதாசி திரும்பிராதே? கொஞ்சம் பாத்துச் சொல்லும்மா."

அவள் பார்த்தாள். பெட்டி ஏறக்குறைய காலியாகவே கிடந்தது.

"எடம் இருக்கு ஐயா," என்றாள். "நெறய இருக்கு."