மாப்பிள்ளை பார்த்த ஆஸ்பத்திரி

"கட்டு மாத்துன என் பொண்ணு கை அழுக்காம். அதனாலதான் சம்பந்தியோட முழங்கால் ஆபரேஷன் புண்ணுல சீழ் பிடிச்சுதாம். சம்பந்தியம்மா ஊரெல்லாம் போன் போட்டுச் சொல்லியாச்சு. நாளைக்கு அவளை எங்க வீட்டுக்கு அனுப்பிடுவாங்களாம்."

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் நாற்காலியில் சாயாமல் பேசினார். எதிரே முன்னாள் இன்ஸ்பெக்டர். பக்கத்தில், எல்லாவற்றுக்கும் முந்திக்கொள்ளும் அவர் மச்சினன்.

"ஆபரேஷன் எங்க நடந்துச்சு?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"வெளிநாட்டுல. அவங்க பொண்ணைக் கட்டின மாப்பிள்ளை தேடிப் பிடிச்ச இடம். அடுத்த மாசம் சம்பந்தியம்மாவும் முழங்கால் ஆபரேஷனுக்கு அங்கேயே போறாங்க."

தலைமையாசிரியர் கைப்பேசியில் இரண்டு படங்களைக் காட்டினார். முதலாவது ஆஸ்பத்திரி அறை: கடல் தெரியும் ஜன்னல், கட்டில், மூலையில் கை கழுவும் தொட்டி நிறையத் தண்ணீரில் பெரிய பூங்கொத்து. இரண்டாவது விமான நிலையம்: வரவேற்க வந்தவர்களின் சட்டைகள் வேர்வையில் ஒட்டியிருந்தன. நடுவில் சம்பந்தி, கழுத்துவரை சால்வையோடு.

"அத்தான், அரண்மனை மாதிரி இருக்கு!" என்றான் மச்சினன்.

"அரண்மனையில எவன்டா கால அறுத்துப்பான்? வாயை மூடு." இன்ஸ்பெக்டர் தலைமையாசிரியர் பக்கம் திரும்பினார். "உங்க பொண்ணு முதல்ல கட்டைப் பிரிச்சது எப்போ?"

"வீடு வந்த மறுநாள் காலைல."

மாலையில் எல்லாரும் உள்ளூர் மருத்துவமனையில், சம்பந்தியின் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். மருமகள் ஜன்னலோரம் தனியாக நின்றாள். மாப்பிள்ளை மட்டும் சொகுசாக உட்கார்ந்திருந்தார், நாலெழுத்து படித்த தோரணையோடு.

"அது உலகத்தரம் சார். உங்களுக்கெல்லாம் புரியாது."

"எனக்குப் புரிஞ்சதைச் சொல்றேன்," என்றார் இன்ஸ்பெக்டர். "சம்பந்தி, எல்லாரும் வேர்த்து ஊத்துற வெயில்ல நீங்க ஏன் சால்வை போத்தியிருந்தீங்க?"

சம்பந்தி மனைவியைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

"குளிருச்சு," என்றார் கடைசியில். "அங்கேர்ந்து கிளம்புற அன்னிக்கே காய்ச்சல். மாத்திரை போட்டுட்டு ஏறிட்டேன். சொன்னா மாப்பிள்ளை மனசு நோகுமேன்னு..."

"மாப்பிள்ளை மனசு நோகக்கூடாது. மருமக மானம் போகலாம். நல்ல குடும்பம்!" தலைமையாசிரியரின் மீசை துடித்தது.

இன்ஸ்பெக்டர் முதல் படத்தைத் தூக்கிப் பிடித்தார். "அந்த ரூம்ல கை கழுவ இருந்தது இந்த ஒரு தொட்டிதான். அதுல பூ வெச்சது யாரு?"

"நான்தான்," என்றார் மாப்பிள்ளை பெருமையோடு. "கடைசிவரைக்கும் வாடவே இல்லை."

"அப்போ கட்டு மாத்த வந்தவங்க எங்க கை கழுவுனாங்க?"

மாப்பிள்ளை கைப்பேசியை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"எந்தக் கையிலேர்ந்து கிருமி வந்துச்சுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா அது இந்தப் பொண்ணு கை இல்லை. அவ கட்டைத் தொடுறதுக்கு முன்னாடியே காய்ச்சல் வந்தாச்சு. வெளிநாடுன்னா எல்லாம் மோசமும் இல்லை. அங்க எத்தனை பேருக்குப் புண் சீழ் பிடிக்குது, திரும்பி வந்து காய்ச்சல்னா யாரைக் கேக்கணும்... இதுல ஒண்ணாவது கேட்டீங்களா மாப்பிள்ளை?"

"ஜன்னல்ல கடல் தெரியுமான்னு கேட்டிருப்பாரு," என்றான் மச்சினன். இந்த முறை அவனை யாரும் அதட்டவில்லை.

சம்பந்தியம்மா தன் முழங்காலைத் தடவிக்கொண்டார். "எனக்கு அந்த ஊரு வேணாம்."

"உங்க கால் உங்க பாடு," என்றார் தலைமையாசிரியர். "யார் யார்கிட்ட என் பொண்ணைப் பத்திச் சொன்னீங்களோ, அவங்களுக்கெல்லாம் இப்பவே, இங்கேயே போன் போடுங்க."

நைசாக எழுந்த மாப்பிள்ளையின் தோளை இன்ஸ்பெக்டர் அழுத்தி உட்கார வைத்தார். சம்பந்தியம்மா எண்ணைத் தட்டினார்.

"அக்காவா? வந்து... மருமக மேல தப்பு இல்லைக்கா. நான்தான் வாய்க்கு வந்தபடி..." மீதி முனகலாகத் தேய்ந்தது.

மருமகள் ஜன்னலை விட்டு மெல்லத் திரும்பினாள்.

"சத்தமா சொல்லுங்க அத்தை. அந்தப் பக்கம் கேக்கலை போல."