பன்னிரண்டு பெட், ஒரு திவ்யா

அவனியாபுரத்தில் ஒரு பழைய தனியார் ஆஸ்பத்திரி. மாடியில் பன்னிரண்டு பெட் கொண்ட பெண்கள் வார்டு. அடுத்த நர்ஸிடம் வார்டை ஒப்படைக்காமல் யாரும் கீழே இறங்கக் கூடாது. அந்தச் சட்டத்தின் புண்ணியத்தில், நேற்று மதியம் டூட்டிக்கு வந்த திவ்யா இன்று மதியமும் அங்கேயே இருந்தாள்.

பையில் ராஜினாமாக் கடிதம். மூன்று மணிக்குள் மேனேஜர் கையில் கொடுத்துவிட்டால் விடுதலை. இதற்கு முன் மூன்று முறை எழுதினாள். மூன்று முறையும் அவசரத்தில் அதன் முதுகிலேயே யாருடைய பிரஷரையோ குறித்துத் தொலைத்தாள். கெட்டிக்காரி.

இரண்டு மணிக்கு முத்துமீனா என்ற புது நர்ஸ் வருவாள் என்றிருந்தார்கள். சரியாக வந்தாள். கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை மொடமொடத்தது. எல்லோரும் சுடிதாருக்கு மாறிய காலத்தில் சேலையா? முதல் நாள் பவுசு என்று திவ்யா நினைத்துக்கொண்டாள்.

பெட் பெட்டாக ஒப்படைத்தாள். வந்தவள் தலை நிமிராமல் நோட்டில் எழுதினாள். ஸ்பிரிட்டில் நனைந்த பஞ்சின் வாசனை அடித்தது.

"பன்னெண்டும் ஆச்சு. இப்ப உன்னையச் சொல்லு."

ஆறு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. திவ்யா சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது. நோயாளிகளை ஒப்படைத்த அதே குரலில் ஒப்பித்தாள்.

"திவ்யா, வயசு இருபத்தெட்டு. தூக்கம் இல்ல. நேத்து ராத்திரி ரெண்டு இட்லி. குளிக்கிறப்ப மட்டும் அழுவா."

"சரி. இனி நான் பாத்துக்கிறேன்."

வந்தவளின் விரல்கள் திவ்யாவின் மணிக்கட்டில் நாடி பார்த்தன. ஐஸ் மாதிரி.

போன் அடித்தது. கீழே ஆபீஸிலிருந்து. முத்துமீனா வந்த பஸ் பரவை ஊர்ப் பக்கம் பழுதாகி நின்றுவிட்டதாம், வர மூன்று மணிக்கு மேலாகுமாம், வார்டை விட்டு நகர வேண்டாமாம்.

திரும்பினாள். யாரும் இல்லை.

நோட்டில் பன்னிரண்டு வரிக்குக் கீழே, சாய்ந்த கையெழுத்தில், பதின்மூன்றாவது வரி: 'திவ்யா, 28.'

கடிதத்தைத் தேடி எடுத்தாள். அதன் முதுகில் அதே கையெழுத்து.

'டிஸ்சார்ஜ் கேட்கிறார். அனுப்பவில்லை.'

பதினோராம் பெட்டிலிருந்து ஒச்சம்மாள் தலையைத் தூக்கினாள். "ஏன் தாயி எந்திரிச்சு நிக்கிற? அந்த சிஸ்டர் உன்னையப் படுக்கச் சொல்லிட்டுத்தானே போச்சு?"

திவ்யா கதவுப் பக்கம் ஓர் அடி வைத்தாள்.

மூன்றே காலுக்கு, சுடிதாரில் மூச்சிரைக்க ஒரு பெண் ஓடி வந்தாள். முத்துமீனா. நேராகத் திவ்யாவிடம் வந்தாள்.

"எந்திரிக்காதீங்கம்மா. டூட்டி ஸ்டாஃப் எங்க?"

எப்போது படுத்தோம்?

திவ்யா எழப் பார்த்தாள். மணிக்கட்டில் அதே ஐஸ் விரல்கள்.

தலைமாட்டில் கஞ்சிச் சேலை மொடமொடத்தது.