நாற்பத்தொரு பங்கு

ஒன்பதாம் வகுப்பு சி பிரிவில் சுடலைவடிவு பெஞ்சைத் தூக்கி எறிய எழுந்தாள். பாதியில் கை தளர்ந்தது. சுவரில் இருந்த பளுப்பகிர்விக் கருவி அவள் கோபத்தை நாற்பத்தொரு பங்காகப் பிரித்துவிட்டது. முன்வரிசையில் ஒருவன் பேனாவைக் கடித்தான், ஒருத்தி முறைத்தாள், அவ்வளவுதான்.

எல்லோர் மணிக்கட்டிலும் பட்டை. ரெஜினா டீச்சரின் பட்டையைப் பூட்டினால்தான் மற்றவை இயங்கும். ஆசிரியரின் நிதானமும் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும் என்று செய்தவர்கள் நினைத்தார்கள். ரெஜினாவின் அப்பா துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். நாலு பேர் தூக்கினாலும் மூட்டையின் எடை குறையாது என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் பூட்டிக்கொண்டாள். போன வாரம் வடிவு ஒருத்தியின் மண்டையை உடைத்திருந்தாள். இன்று கல்வி அதிகாரி வருகிறார். வகுப்பு அடங்கவில்லை என்றால் வடிவுக்கு டி.சி.; நாளைக்கே அம்மாவோடு இறால் கம்பெனிக்குப் போக வேண்டியதுதான்.

மூன்றாம் பீரியடில் அதிகாரி வந்தபோது வகுப்பில் சத்தமே இல்லை.

"இப்படி ஒரு ஒன்பதாங்கிளாஸ நான் பாத்ததில்லம்மா. அந்தப் பிள்ள இருக்கட்டும். ஆனா வருஷம் முடியுற வரைக்கும் இந்தப் பட்டைய யாரும் கழட்டக் கூடாது."

அவர் போன பிறகுதான் ரெஜினாவுக்கு உறைத்தது. காலையிலிருந்து அவள் உட்காரவில்லை. குதிகால் வலிக்கவில்லை. நாலு மணிக்கு எழுந்து, சமைத்து, இரண்டு பஸ் மாறி வந்த உடம்பா இது?

பிள்ளைகளைப் பார்த்தாள். நாற்பது பேரும் கன்னத்தில் கையை ஊன்றிக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏட்டி வடிவு, உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல டீச்சர். எங்கம்ம கம்பெனி விட்டு வந்து செவுத்துல சாஞ்சு உக்காருவால்லா, அப்பிடி இருக்கு. பெல்லு எப்ப அடிக்கும்?"

"நாங்க என்ன டீச்சர் வேல பாத்தோம்?" என்றான் கடைசி பெஞ்சுக்காரன். யாரும் சிரிக்கவில்லை.

பளுப்பகிர்வி ரெஜினாவிடம் நிதானத்தைத் தேடியிருக்கிறது. அது இல்லை. இருந்ததைப் பங்கு போட்டுவிட்டது.

ரெஜினா தன் பட்டையின் பூட்டில் விரலை வைத்தாள். திறந்தால் பத்தொன்பது வருட அலுப்பும் அவளிடமே திரும்பும், வடிவின் கோபம் வடிவிடம். வராண்டாவில் அதிகாரியின் பேச்சு இன்னும் கேட்டது. சாயங்காலம் வரை ஐந்து பீரியட் கிடந்தது.

விரலை எடுத்தாள்.

"புத்தகத்த எடுங்க."

தினமும் அவள் விடும் பெருமூச்சை நாற்பது பேரும் விட்டுவிட்டு, புத்தகத்தை எடுத்தார்கள்.