வெட்டிய சிரிப்பு

ஸ்பீக்கரை நிறுத்திய பிறகும் மூச்சுச் சத்தம் நிற்கவில்லை. ஹீட்டராக இருக்கும் என்று உஷா அதையும் அணைத்தாள். தென்கோளத்தில், ஒடாஹுஹு புறநகரில் அவர்கள் வாடகைக்கு எடுத்திருந்த மரவீட்டில் ஜூலைக் குளிர்காலம் வந்தால் தேநீர் நேரத்துக்கே இருட்டிவிடும். சுவரெல்லாம் பூஞ்சணம் மணக்கும், கார்பெட் நனைந்த நாய் மாதிரி நாறும், எந்தப் பலகை எப்போது முனகும் என்று சொல்ல முடியாது. பாழாய்ப்போன வீடு.

உஷா வானொலி நிகழ்ச்சிகளுக்கு ஒலி வெட்டி ஒட்டுகிறவள். இன்று வந்தது, கனடாவின் வடகோடியில் வாழும் இனுயிட் பெண்களின் பாட்டு. இருவர் எதிரெதிரே நெருங்கி நின்று, ஒருத்தி மூச்சை விட மற்றவள் இழுக்க, தொண்டையாலேயே பாடுவார்கள். ஆண்கள் வேட்டைக்குப் போன நீண்ட குளிர்காலத்தில் பெண்கள் போட்டிக்குப் பாடியதாம். ஊரே சுற்றி நின்று பார்க்குமாம்.

நிகழ்ச்சி தயாரிக்கும் கிளாரா மலேசியக்காரி. காலையிலேயே போனில் சொல்லியிருந்தாள்.

"கடைசில வர்ற சிரிப்ப வெட்டிறாதீங்க உஷா. அதுதான் முக்கியம்லா. ஒருத்தி சிரிச்சாத்தான் ஆட்டம் முடியும்."

"ஓம், ஓம், விளங்குது."

விளங்கவில்லை. நேரம் கூடிப்போனதும் முதலில் சிரிப்பைத்தான் வெட்டினாள். இவ்வளவு நல்ல பாட்டின் கடைசியில் இளிப்பு எதற்கு என்று எரிச்சல் வேறு. அசல் பதிவின் மேலேயே சேமித்தும் விட்டாள்.

சத்தம் இப்போது குழந்தையின் அறையிலிருந்து வந்தது.

அஞ்சனா குறைமாதத்தில் பிறந்தவள். அந்தச் சின்ன மூச்சைக் கேட்டுக் கேட்டே உஷா பல மாதம் தூங்காமல் கிடந்திருக்கிறாள். அது எப்படி ஏறும், எங்கே தடுக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. இது அந்த மூச்சில்லை. கரகரத்து, அடித்தொண்டையில் உருண்டு, ஒரே தாளத்தில் போய்வந்தது. ஒவ்வொரு இடைவெளியிலும் இன்னொரு மூச்சு பதில் சொன்னது.

உஷா எழுந்தாள். ஓடினாள்.

தொட்டிலில் அஞ்சனா விழித்துக் கிடந்தாள். கண்கள் முகத்துக்கு மிக அருகில், வெறும் காற்றைப் பார்த்தன. குழந்தை மூச்சை விட்டது. காற்று இழுத்துக்கொண்டது. உதடுகள் நீலம் பாரித்திருந்தன.

"ஐயோ, என்ர பிள்ளை!"

வாரி எடுத்தாள். குழந்தையின் முகம் அவள் பக்கம் திரும்பியது. அடுத்த நொடி அந்தத் தாளம் உஷாவின் தொண்டைக்குள் இறங்கியது. பல்லைக் கடித்து நிறுத்தினாள்.

அஞ்சனாவின் மூச்சும் நின்றது.

பதறி மறுபடி தொடங்கினாள். குழந்தை இழுத்தது. இவள் விட்டாள். நிறுத்த முடியாது. நிறுத்தினால் பிள்ளை போய்விடும். இன்னும் வேகம். இன்னும்.

சிரிப்பு. சிரித்தால் முடியும்.

சிரித்துப் பார்த்தாள். வாய் விரிந்தது. வயிறு குலுங்கியது. சத்தமில்லை. வெட்டிய இடம் போல வெறுமை.

வாசலில் கார் நின்றது. பிரதாபன்! அவள் கணவன். ஈஸ்ட் டாமாக்கி கிடங்கில் வேலை முடிந்து வருகிறான். எதற்கெடுத்தாலும் வீடு அதிரச் சிரிக்கிறவன். தொடங்கினால் தெருமுனை வரை கேட்கும். கடவுளே, சிரிக்கட்டும்.

கதவைத் திறந்தவன், மூக்கோடு மூக்கு வைத்து உறுமும் இருவரையும் பார்த்தான்.

"இஞ்சரப்பா, தாயும் மகளும் என்ன விளையாட்டு?"

தலையைப் பின்னால் சாய்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். தோள்கள் குலுங்கின. கண்ணில் நீர் வந்தது. வாய் முழுதாகத் திறந்திருந்தது.

அதிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.