சுழலும் தரை

தெருக்கோடி வீட்டு ஜன்னலில் விளக்கு எரிந்தது. எரியக் கூடாது. அந்த வீட்டை வரைந்தவளே அவள்தான். ஜன்னல்கள் எல்லாவற்றுக்கும் கறுப்புதான் கொடுத்திருந்தாள். அந்தத் தெருவுக்கு மஞ்சள் நிறத்தையே ஒதுக்கவில்லை.

படிப்பு முடித்த கையோடு அண்ணனும் தங்கையுமாகச் சேர்ந்து செய்த வீடியோ கேம் அது. நிரல் அண்ணன் எழுதினான், பின்னணிப் படங்கள் அவள். விலை போகாமல் பரணுக்குப் போன, டிவிப் பெட்டியில் செருகி ஆடும் அந்த கார்ட்ரிட்ஜை அண்ணன் மகள் எப்படியோ தேடி எடுத்து விளையாடியிருக்கிறாள். அன்றைக்கு நின்றது பேச்சு. ஊட்டினால் சாப்பிடுகிறது, கூப்பிட்டால் திரும்புவதில்லை. டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். "எதையோ பாத்துப் பயந்திருக்கா. நீ வரைஞ்சதுதானே, ஒரு தடவ வந்து பாரேன்" என்று அண்ணன் போனில் அழுதான். தோளில் போட்டு வளர்த்த பிள்ளை. போட்டது போட்டபடி ஓடிவந்துவிட்டாள் அத்தைக்காரி.

வெளியே நல்ல பகல். திரை நன்றாகத் தெரியட்டும் என்று அண்ணன் ஜன்னல் துணியை இழுத்துவிட்டுக் கதவைச் சாத்தி, மகளை மடியில் வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தான். அறைக்குள் பழைய டிவியின் சூடேறிய தூசி வாசனையும், பல்லுக்குள் போய்க் கூசவைக்கும் அதன் மெல்லிய ரீங்காரமும், அந்த ரீங்காரத்துக்கு அடியில் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது போன்ற ஒரு கனமும் இருந்தன.

"அண்ணா, ஜன்னல்ல லைட்டு போட்டது நீயா?"

"நானா? எனக்கு நேர்கோடே கோணலா வரும்." கதவுக்கு அப்பாலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. கொஞ்சம் அதிகமாகவே சிரித்தான்.

சோதனைக்காக அவன் அந்தக் காலத்தில் ஒரு பட்டன் வைத்திருந்தான். முதல் மோடில், அதாவது படம் காட்டும் முதல் முறையில், பின்னணிக்கு மூன்று அடுக்கு: முன்னால் புதர், நடுவில் மரங்கள், கடைசியில் வீடுகள். அமுக்க அமுக்க ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும். அமுக்கினாள். புதர் போனது. மரங்கள் போயின. மஞ்சள் ஜன்னலோடு வீடுகளும் போயின. அதற்குப் பின்னால் வெறும் கறுப்புதான் இருக்க வேண்டும்.

ஓர் அறை இருந்தது. சின்னச் சின்னச் சதுரங்களால் ஆன அறை. இழுத்துவிட்ட துணி. சாத்திய கதவு. டிவி முன்னால் ஒரு பெண், முதுகு மட்டும். இவள் கையைத் தூக்கினாள். அவளும் தூக்கினாள்.

படத்தில் அந்தப் பெண்ணுக்குப் பின்னால், மூலையில், கறுப்புச் சதுரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. இடுப்பு உயரம். தோள் உயரம். இவள் திரும்பிப் பார்க்கவில்லை. சுவரைத் தடவித் தடவிக் கதவுக்குப் போனாள். வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

"அண்ணா! கதவத் திற!"

"அடுத்த மோடுக்குப் போம்மா. அதுல ஒரே அடுக்குதானே? மூலைல நிக்கிறதுலாம் தானா போயிடும். உனக்குத் தெரியாததா?"

தெரியும். அந்த மோடில் ஒரே பின்னணி, சுழன்று சுழன்று பெரிதாகவும் சிறிதாகவும் ஆகும் ஒரு தரை. வேறு எதற்கும் இடமில்லை. இது ஒழிந்தால் பிள்ளை பேசிவிடுவாள். மூலையைப் பார்க்காமல் டிவி அருகே திரும்பிவந்து மோடு மாற்றும் பட்டனை அமுக்கினாள்.

மூலையில் நிற்பதைப் பற்றி அவனிடம் சொல்லவே இல்லையே என்பது அதன் பிறகுதான் உறைத்தது.

ஜன்னல் போனது. சுவர்கள் போயின. கதவு. கூரை. டிவி. காலடியில் தரை மட்டும், நாலா பக்கமும் இருட்டு வரைக்கும். மெல்லச் சுழன்றது.

எங்கோ உயரத்தில் தாழ்ப்பாள் விலகும் ஓசை. பிறகு ஒரு சின்னக் குரல்.

"அப்பா, பசிக்குது."

பேசிவிட்டாள்! ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவளுக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. சந்தோஷத்தில் அழுதேவிட்டாள்.

"அத்தை எங்கப்பா?"

"அப்பவே கிளம்பிட்டாங்கடா. நீ போய் அம்மாகிட்ட சாப்பாடு கேளு. டிவியப் பாக்காத."

"அண்ணா! நான் இங்க இருக்கேன்! அண்ணா!"

குழந்தையின் காலடி ஓசை தேய்ந்து மறைந்தது. பிறகு மிக அருகில், கண்ணாடியில் வாயை வைத்துப் பேசுவது போல, தழுதழுத்தான்.

"மன்னிச்சிடும்மா. புள்ளைய விடணும்னா பதிலுக்கு ஒரு ஆளக் கேட்டுச்சு அது. உன்ன விட்டா, நான் கூப்பிட்டதும் வர எனக்கு வேற யாரு இருக்கா?"

பாவி. கூடப் பிறந்தவன்.

தரை சுழன்றது. அதன் விளிம்பில் ஏதோ நின்றது. அடுத்த சுற்றில் அது பெரிதாக இருந்தது. அதற்கடுத்த சுற்றில் அதற்குக் கைகள் இருந்தன. அவள் எதிர்ப்பக்கம் ஓடினாள். மூச்சு வாங்க ஓடினாள். ஓடிய பக்கமே தரை திரும்பியது. மெதுவாக, அவசரமே இல்லாமல், அதை அவள் முகத்துக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்தியது.